ஒரு ஆளுக்குச் சாப்பாடு இருக்குங்களா?

போன இதழில் "தனியாக மலைக்குப் போகலாமா?" என்று கேட்ட வாசகிக்கு "தாராளமாகப் போங்க, ஆனால் வயிறு காயாமல் போங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான் இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி. ரூம், பஸ், குளிர், செலவு எதையும் பெரிதாகக் கேட்கவில்லை, சாப்பாட்டைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அதிகம். நம்ம ஊர்க்காரர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிட்டது, சரி, வரிசையாக வருகிறேன்.

அக்கா, உத்தரகாண்டில் அல்மோரா, முன்சியாரி பக்கம் தனியாகப் போகத் திட்டம். எனக்குச் சப்பாத்தி ஒரு வேளைக்கு மேல் இறங்காது. அங்கே எப்படிச் சமாளிப்பது?
*— பள்ளி ஆசிரியர், பென்னாகரம்*

களி உருண்டையைக் கீரைக் கடையலில் தோய்த்து விழுங்கி வளர்ந்தவர் குமாவோன் மலையில் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை சார். அங்கே மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் விளைவது பெரும்பாலும் நம்ம சரக்குதான். கேழ்வரகை மண்டுவா என்பார்கள், அதை ரொட்டியாகத் தட்டி மேலே நெய் தடவிக் கொடுப்பார்கள், வெல்லம் வைத்தும் கொடுப்பார்கள். அந்தக் கறுத்த நிறத்தைப் பார்த்துப் புதுசாக வருகிறவர்கள் தயங்குவார்கள், நீங்கள் தயங்க மாட்டீர்கள். கொள்ளு அங்கே கஹத், குளிருக்கு நல்லது என்று கெட்டிப் பருப்பாக வைத்துச் சாப்பிடுகிறார்கள். குதிரைவாலியில் பால் ஊற்றி ஜங்கோரா கீர் என்று பாயசம். பட் என்கிற கறுப்பு சோயாவில் ஒரு கெட்டிக் குழம்பு வைப்பார்கள், அது சோற்றில் பிசைந்து சாப்பிடத்தான். மலை வீடுகளில் மதியம் பருப்பும் சோறும் போடுவது வழக்கம், ரொட்டி பெரும்பாலும் ராத்திரிக்கு. ஆக உங்கள் ஒரு வேளைக் கணக்கு அப்படியே சரியாக வருகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான் மேலே சொன்ன எதுவும் ரோட்டோரம் பெரிய போர்டு வைத்த ஓட்டலில் கிடைப்பது அரிது. அங்கே போய் உட்கார்ந்தால் பனீர் பட்டர் மசாலா, சௌமீன், மேகி, இதுதான் மெனு, ஏனென்றால் வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். மலைச் சாப்பாடு வீட்டுக்குள் இருக்கிறது. அதனால் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள், தங்கினால் மட்டும் போதாது, காலையில் வெளியே கிளம்பும்போதே "ராத்திரிக்கு மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கொள்ளை ஊற வைக்காமல் வேக வைக்க முடியாது என்று உங்களுக்கே தெரியும், சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்க் கேட்டால் அந்த அம்மாவும் மேகியைத்தான் கிண்டித் தருவார். நிறைய பேர் "அங்கே லோக்கல் சாப்பாடே கிடைக்கலை" என்று திரும்பி வந்து புலம்புவதற்குப் பாதிக் காரணம் இந்த நேரம் தெரியாத கேள்விதான்.

இன்னொரு வழி ஷேர் ஜீப். டெல்லியிலிருந்து காத்கோதாம் வரைக்கும்தான் ரயில், அதற்கு மேல் ஜீப்போ பஸ்ஸோதான். ஜீப் டிரைவர் தனக்குச் சாப்பிட ஒரு கடையில் நிறுத்துவார் பாருங்கள், அங்கே அவர் என்ன வாங்குகிறாரோ அதையே வாங்குங்கள். அந்த வழியில் தினம் ஓட்டுகிற மனிதர், வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் கடையில் நிறுத்த மாட்டார். ஆலூ கே குட்கே என்று உருளைக்கிழங்கை மசாலா போட்டுப் பிரட்டித் தருவார்கள், கூடவே பாங்கு விதைச் சட்னி வரும். பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், அது கஞ்சாச் செடியின் விதைதான், ஆனால் விதையில் போதை கிடையாது, வறுத்து அரைத்து எலுமிச்சை பிழிந்தால் எள்ளுத் துவையல் பக்கம் வரும். அல்மோராவில் பால் மிட்டாய் வாங்காமல் வராதீர்கள். கோவாவைப் பழுப்பாகும் வரை கிண்டி, மேலே வெள்ளை ஜீனி உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள். எனக்கு அது ரொம்பத் தித்திப்பு, பாதிக்கு மேல் முடியாது, ஆனால் சிங்கோரி என்று இலையைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் கோவா வைத்துத் தருவார்கள், என் ஓட்டு அதற்குத்தான்.

தனியாக ஓட்டலுக்குப் போனால் நாலு பேர் மேஜையில் ஒருத்தராக உட்காரக் கூச்சமாக இருக்கிறது. சப்ளையரும் "எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி பார்க்கிறார்.
*— வாசகர், பாலக்கோடு*

அவர் பார்ப்பது உங்களை இல்லை, காலியாகப் போகிற மூன்று நாற்காலியை. கூட்ட நேரத்தில் அது அவருடைய வியாபாரம். பன்னிரண்டரைக்கு முன்னால் போங்கள், சோறு சூடாக இருக்கும், குழம்பில் காய் இருக்கும், உங்களிடம் நின்று பேசக் கடைக்காரருக்கும் நேரம் இருக்கும். ஒரு ஆளாகப் போவதில் உள்ள பெரிய லாபமே இந்தப் பேச்சுதான், நாலு பேராகப் போனால் நீங்கள் உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பீர்கள். மெனு கார்டை வாங்கி வைத்துவிட்டு "இன்னைக்கு உங்களுக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். கடைக்காரர் குடும்பம் மதியம் சாப்பிடப்போகிற பாத்திரம் ஒன்று உள்ளே தனியாக இருக்கும். ஒரு ஆளுக்குத்தான் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கொடுக்க முடியும், கும்பலுக்கு முடியாது.

லடாக்கில் லே போயிருந்தேன். ஒரு ஓட்டலில் பருப்பு வேகவே இல்லை, சோறும் நறுக்கென்று இருந்தது. எனக்கும் முதல் இரண்டு நாள் பசியே இல்லை. சாப்பாடு மோசமா, என் உடம்பு மோசமா?
*— ஐ.டி. ஊழியர், ஓசூர்*

இரண்டும் இல்லை தம்பி, உயரம். லே கிட்டத்தட்ட 3,500 மீட்டரில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஓசூரில் தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதிக்கும், லேயில் 88 டிகிரிக்கே தளதளவென்று கொதித்துவிடும். பார்க்கக் கொதிக்கிற மாதிரிதான் இருக்கும், பருப்பை வேக வைக்க அந்தச் சூடு போதாது. எத்தனை விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது, குக்கர் வேண்டும். அவசரத்தில் குக்கர் வைக்காமல் வடித்திருப்பார்கள், உங்களுக்கு நறுக்கரிசி வந்துவிட்டது.

லடாக்கியர் சாப்பாட்டைக் கவனித்தால் இதற்கு அவர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்தது தெரியும். பார்லியை முதலிலேயே வறுத்து மாவாக்கி வைத்துக்கொள்வார்கள், சம்பா என்று பெயர், அதை வெண்ணெய் டீயில் பிசைந்தால் சாப்பாடு தயார், வேகவைக்கிற வேலையே கிடையாது. கோதுமை மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, முள்ளங்கி, உருளை, கேரட்டோடு குழைய விட்டால் ஸ்க்யூ. துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான், மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் வெந்துவிடும். காலையில் காம்பீர் என்கிற கெட்டி ரொட்டி. தனியாகப் போகிறவருக்கு ஸ்க்யூவும் துக்பாவும் வரம், ஒரு கிண்ணம் வாங்கினால் சோறு, குழம்பு, காய் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, மூன்று அயிட்டம் ஆர்டர் பண்ணி இரண்டை மிச்சம் வைக்க வேண்டியதில்லை. வெண்ணெய் டீ உப்புக் கரிக்கும். டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, ரசம் என்று நினைத்துக் குடியுங்கள்.

பசி இல்லாதது பற்றி: 2,500 மீட்டருக்கு மேலே போனால் பல பேருக்கு அப்படித்தான். முதல் இரண்டு நாள் ஓய்வு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூப், சோறு, நிறையத் தண்ணீர், சாராயம் வேண்டவே வேண்டாம். ஆனால் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் "சாப்பாடு ஒத்துக்கலை, கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு ரூமில் படுத்துவிடாதீர்கள். தனியாக இருப்பவருக்கு இதுதான் உண்மையான ஆபத்து, பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், தங்கும் இடத்திலும் சொல்லி வையுங்கள். குறையவில்லை என்றால் கீழே இறங்குங்கள், மலை எங்கேயும் போகாது.

நான் சுத்த சைவம். சிக்கிம், டார்ஜிலிங் போனால் பிஸ்கெட்தான் கதியா?
*— வாசகி, கிருஷ்ணகிரி*

இல்லவே இல்லை, ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். வெஜ் துக்பா என்று எழுதியிருந்தாலும் சூப் எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கலாம், வெஜ் மோமோவும் மாட்டுக்கறி மோமோவும் ஒரே அடுக்கில் ஆவியில் வேகலாம். உங்களுக்கு எது வரைக்கும் பரவாயில்லை என்று நீங்கள் முடிவு பண்ணிக்கொண்டு, உட்காரும் முன்னாலேயே கேளுங்கள். நேபாளிக் குடும்பம் நடத்துகிற சின்னக் கடைகளில் சோறு, பருப்பு, ஒரு காய், ஊறுகாய் என்று தட்டு கிடைக்கும், அது நம்ம மீல்ஸ்தான், கேட்டால் மறுசோறும் போடுவார்கள். குந்த்ருக் என்று கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரையைப் புளிக்க வைத்துக் காயவைத்துச் சூப் வைப்பார்கள், முதல் வாய்க்கு வாசம் தூக்கும், மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். அரிசி மாவில் வளையம் மாதிரிச் சுட்ட செல் ரொட்டி, டார்ஜிலிங் ஆலூ தம், இரண்டும் சேர்ந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. சுர்ப்பி என்று கல் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி விற்பார்கள், ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஒரு மலையே ஏறி இறங்கிவிடலாம். தோங்பாவும் சைவம்தான், கேழ்வரகைப் புளிக்க வைத்து, வெந்நீர் ஊற்றி, குழாய் போட்டு உறிஞ்சுவது. சைவம் என்பதற்காக வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள், அது சரக்கு.

தனியாகப் போகும் பெண் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பகலில் எங்கேயும் சாப்பிட்டுவிடலாம், இருட்டிய பிறகு வெளியே போகப் பயம்.
*— செவிலியர், பெயர் வேண்டாம் என்றிருக்கிறார், ஓசூர்*

இருட்டிய பிறகு வெளியே போகாதீர்கள், அவ்வளவுதான். இதில் வீரம் காட்ட ஒன்றும் இல்லை. சின்ன மலை ஊர்களில் ஏழு, எட்டு மணிக்கே கடை சாத்துவார்கள், ஒன்பது மணிக்குப் பசித்துக்கொண்டு இறங்கினால் நாயும் குளிரும்தான் இருக்கும். ரூம் எடுக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு உண்டா என்று கேட்டு எடுங்கள், ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று சமையல் இல்லாத லாட்ஜில் போய் விழாதீர்கள். பெண்கள் சமைக்கிற, குழந்தைகள் ஓடுகிற வீடாக இருந்தால் நல்லது. அடுப்படிக்குப் போய் "நானும் கிள்ளித் தரட்டுமா?" என்று உட்கார்ந்துவிடுங்கள், பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இமாச்சலில் இப்படி உட்கார்ந்தால் சித்து செய்வதைப் பார்க்கலாம். கோதுமை மாவைப் புளிக்க விட்டு, உள்ளே அக்ரோட்டோ கசகசாவோ அரைத்து வைத்து, ஆவியில் வேகவைத்து, பிளந்து நெய் ஊற்றிச் சாப்பிடுவது. புளிக்க வேண்டும் என்பதால் இதற்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

டீக்கடையில் யாராவது "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டால் "ரூமில் ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். பையில் ஒரு பாக்கெட் கடலை உருண்டை, இரண்டு வாழைப்பழம் எப்போதும் இருக்கட்டும். மழையில் மண்சரிந்து பஸ் நின்றுவிட்டால் அது ஒரு வேளைச் சாப்பாடு.

இவ்வளவு தூரமெல்லாம் எனக்கு லீவும் கிடையாது, காசும் கிடையாது. நம்ம பக்கத்து மலைகளிலேயே தனியாகப் போய்ச் சாப்பிட என்ன இருக்கிறது? பஜ்ஜியும் பரோட்டாவும்தானே?
*— வாசகர், அரூர்*

அரூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா? சித்தேரி உங்களுக்குப் பக்கத்து வீடு. அங்கே சாமை விளைகிறது, அந்தப் பக்கம் வத்தல்மலையில் சாமையோடு காபியும் மிளகும் விளைகிறது, இரண்டு இடத்திலும் மலையாளிப் பழங்குடி மக்கள் பாடுபட்டு விளைவிக்கிறார்கள். சாமைச் சோற்றைச் சூடு குறையாமல் சாப்பிட வேண்டும், ஆறினால் வறண்டு தொண்டையில் நிற்கும், அதனால் பார்சல் வேலைக்கு ஆகாது, மலையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சோறு அது. கூட அவரைக்கொட்டைக் குழம்போ கொள்ளுக் கடையலோ இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டீர்கள். மேலே போய் இறங்கிய உடனே ஓட்டல் தேடாதீர்கள், டீக்கடையில் டீ சொல்லிவிட்டு "மதியத்துக்குச் சோறு ஆக்கித் தர முடியுங்களா, ஒரு ஆளுக்கு" என்று கேளுங்கள், காசையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு ஆளுக்கு என்றால் வீட்டு உலையில் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவதுதான், பத்துப் பேர் வேனில் வந்து கேட்டால்தான் யோசிப்பார்கள்.

மார்கழி, தையில் என்றால் நான் உங்களை ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் அனுப்புவேன். அவரைக்காய் சீசன். பச்சைக் கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுத்து வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பு, கூட ஒரு களி உருண்டை. ஒரு கிலோ கொட்டையைப் பிதுக்க அரை நாள் போய்விடும், அதனால்தான் ஓட்டல்காரர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை, சீசனில் சில வீட்டு மெஸ்களில் வைப்பார்கள். "பிதுக்கம்பருப்பு இருக்குங்களா?" என்று நாலு இடத்தில் கேட்டால் ஐந்தாவது இடத்தில் கிடைக்கும். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து பேசுகிற ஊர்கள், எதில் கேட்டாலும் சோறு வரும். களி உருண்டைக் கணக்கில் வருவதால் தனி ஆளுக்கு வசதி, ஒன்று போதும், இரண்டு சாப்பிட்டால் சாயங்காலம் வரை நடக்க முடியாது. அங்கிருந்து அஞ்செட்டிக்குப் போகிற ரோடு காட்டு ரோடு, யானை நடமாட்டம் உண்டு, 2014-இல் காவிரி வடக்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அந்தப் பக்கம்தான். பைக்கை ஓரம் கட்டிப் பொட்டலம் பிரிக்கிற ஆசை அங்கே வேண்டாம், ஊருக்குள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், பழத்தோலைக்கூடப் போடாதீர்கள்.

ஒகேனக்கல்லில் தனி ஆளுக்கு வேறு கஷ்டம். அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள், குழம்பும் வறுவலுமாகச் சுடச்சுட, அதற்கு ஈடு கிடையாது. ஆனால் குடும்பக் கணக்குக்கு ஏற்ற ஏற்பாடு அது, ஒரு கிலோ மீனை வைத்துக்கொண்டு ஒருத்தர் என்ன செய்வது? அரைக் கிலோ வாங்கி வறுவல் மட்டும் போடச் சொல்லிப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் காத்திருக்கிற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து குழம்பு வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், நம்ம ஜனங்கள் இதற்கெல்லாம் முகம் கோண மாட்டார்கள். குரங்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குக் கேட்டு வாங்குகிற பழக்கம் இல்லை.

இன்னும் கொஞ்சம் தூரம் என்றால் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவு, அதனால் கீழே மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு ஏறாதீர்கள், ஏறிய பிறகு சாப்பிடுங்கள். அங்கே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள், ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் கிழங்கு, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டது. முட்டி வலி பறந்துவிடும் என்று விற்கிறவர் சொல்வார், அதற்கு நான் ஜாமீன் நிற்க முடியாது, குளிரில் சூடாக உள்ளே இறங்குகிற சுகத்துக்கு நிற்பேன். பலாவும் அன்னாசியும் சீசனில் சுளையாக, துண்டாக வாங்கிச் சாப்பிடலாம், தனி ஆள் முழுப் பழம் வாங்கித் திண்டாட வேண்டியதில்லை. நறுக்கி ஈ மொய்க்க வைத்திருப்பதை விட்டுவிட்டு, கண் முன்னால் அறுக்கச் சொல்லி வாங்குங்கள்.

பஜ்ஜியைக் கேவலமாகச் சொல்லாதீர்கள். ஏற்காட்டுக் குளிரில் மிளகுத்தூள் தூவிய பஜ்ஜியைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?

மலைக்குப் போவது மன அமைதிக்கு. நீங்கள் தின்பதைப் பற்றியே எழுதுகிறீர்களே?
*— வாசகர், காரிமங்கலம்*

பசியோடு உட்கார்ந்து அமைதி கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

மலையிலிருந்து வீட்டுக்கு வாங்கி வர என்ன நல்லது? வாங்கி வந்தது எல்லாம் கெட்டுப்போகிறது.
*— வாசகி, ஊத்தங்கரை*

காயவைத்ததை வாங்குங்கள், கெடாது. முன்சியாரி ராஜ்மா, கொல்லிமலை மிளகு, வத்தல்மலைக் காபிக்கொட்டை, கொடைக்கானல் மலைப்பூண்டு. பூண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூட்டையாகப் போட்டால் வேர்த்து அழுகிவிடும், துணிப்பையில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பால் மிட்டாய் சில நாள்தான் தாங்கும், ரயிலிலேயே காலி பண்ணிவிடுவது உத்தமம். ஊட்டி வர்க்கி பையில் நொறுங்கும், மடியில் வைத்துக்கொண்டு வந்தால் தப்பும். சித்தேரியில் சாமை வாங்கினால் உமி நீக்கியதா என்று கேட்டு, கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள், உமியோடு கொண்டுவந்துவிட்டால் ஊத்தங்கரையில் உரலுக்கு எங்கே போவீர்கள்?